வீடு வாடுவதா?

ஒரு மனிதர் தொண்டையைக் கனைத்தால் அது ஏரிக்கரையைத் தாண்டி, ராகிக் கொல்லையைத் தாண்டி, மலையடிவாரத்தில் மேய்கிற ஆட்டுக்குக்கூடக் கேட்கும் என்பதை நான் தெரிந்துகொண்டது ஐந்தாவது படிக்கும்போதுதான். புளியமரக் கிளையில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கியிலிருந்து "கர்ர்ர்... ஹ்ஹக்" என்று அந்தக் கனைப்பு வந்து விழுந்ததும், மரத்திலிருந்த காக்கைகள் அத்தனையும் எழுந்து பறந்தன, முன்வரிசையில் மடியிலிருந்த கைக்குழந்தைகள் வீறிட்டன, ஓசூரிலிருந்து மைக் செட்டும் பேட்டரியும் கொண்டுவந்திருந்தவர் மட்டும், அந்தத் தொண்டையையும் தாமே வாடகைக்கு விட்டவர்போலப் பெருமையாகச் சுற்றிலும் பார்த்துக்கொண்டார்.

கனைத்தவர் தர்மபுரிப் பக்கத்திலிருந்து எங்கள் ஊருக்கு வரவழைக்கப்பட்ட மேடைப் பேச்சாளர், "நாவுக்கடல்" எழிலரசு. இயற்பெயர் ஏழுமலை என்று பின்னால் கேள்விப்பட்டேன். அறுபதுகளின் கடைசி அது. தமிழ்நாட்டில் பேச்சு கொடிகட்டிப் பறந்த காலம். சலூனில் முடிவெட்டுகிறவர் அடுக்குமொழியில் பேசுவார், டீக்கடைக்காரர் அடுக்குமொழியில் பாக்கி கேட்பார், கிருஷ்ணகிரி பஸ்ஸில் கண்டக்டர்கூட "ஏறுவோர் ஏறுக, இறங்குவோர் இறங்குக" என்று கரகரத்த குரலில் ஆணையிடுவார். மேடையில் நின்று மூச்சுவிடாமல் பேசத் தெரிந்த ஒருவர் ஊருக்குள் வந்தால், மாப்பிள்ளை அழைப்புக்குக் கூடுகிற கூட்டத்தைவிட அதிகமாகக் கூடும்.

எங்கள் ஊர் ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ் என்று நாங்கள் நாளுக்கு மூன்று நாக்கு வைத்துக்கொண்டு பிழைத்தோம். எங்களுக்குத் தெரிந்த தமிழும் பேச்சுத் தமிழ்தான். அதில் வீட்டை "ஊடு" என்போம். "வீடு" என்ற ஒரு சொல்லால் எங்கள் பள்ளிக்கூடத்தில் முதுகு வீங்காத பிள்ளையே கிடையாது. ஏனென்றால் தெலுங்கில் "வீடு" என்றால் "இவன்". "வாடு" என்றால் "அவன்". அதுவும் மரியாதையில்லாத இவன், அவன். பெரிய வாத்தியார் சுவரில் மாட்டிய ஓட்டு வீட்டுப் படத்தைக் குச்சியால் தொட்டு, "ஊடு இல்லை, வீடு. எங்கே, எல்லாரும் சொல்லுங்கள், இது என் வீடு" என்பார். "இது என் இவன்" என்று எங்கள் காதில் விழும். வகுப்பு முழுக்க வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கும். வாத்தியார் கும்பகோணத்துக்காரர், எங்கள் ஊரில் எத்தனையோ வருடம் இருந்தும் தெலுங்கில் "நீள்ளு" என்றால் தண்ணீர் என்பதற்கு மேல் கற்றுக்கொள்ளாதவர். நாங்கள் தமிழைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று நினைத்து, தமிழின் சார்பாக எங்களை அடிப்பார்.

ஆனால் அவர் நல்லவர். எங்கள் பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு முடிந்தது. அதற்குமேல் படிக்க டவுனுக்குப் போக வேண்டும். பையன்கள் நடந்தோ மாட்டுவண்டியில் தொற்றிக்கொண்டோ போய்விடுவார்கள், பெண்பிள்ளைகள் அதோடு சரி. என் அப்பா இதைக் கோபமில்லாமல், தீர்ப்புப்போலச் சொல்லிவிட்டார்: "ஆறாவது நம்மூருக்கு வந்தா படி. ஆறாவதைத் தேடிக்கிட்டு நீ போறதெல்லாம் ஆகாது." எனக்கோ படிப்பென்றால் உயிர். படிப்பைவிட, வகுப்பில் எழுந்து நின்று சத்தமாக வாசிப்பதென்றால் உயிர். அம்மா என்னை "அதிகப்பிரசங்கி" என்றுதான் கூப்பிடுவாள். என் பெயரை அவள் சொல்லிக் கேட்டது குறைவு. ஐந்தாவது முடிந்தால் அந்த வாய்க்கு ஆடு மாடுதான் கேட்க இருக்கிறது என்று நினைத்து நான் அழாத நாளில்லை.

அந்த வருடம் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்து, பக்கத்து நிலத்தை ஊரார் எழுதிக்கொடுத்தால் ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்பும் கொண்டுவரலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். நிலம் இருந்தது. கல்லும் காரைமுள்ளுமாக ஒன்றுக்கும் ஆகாமல் கிடந்தது. ஆனால் அது இரண்டு பேருக்குப் பொது. அந்த இரண்டு பேரும் அண்ணன் தம்பிகள். அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை.

அண்ணனை ஊரே "பெத்தாயன" என்றும் தம்பியைச் "சின்னாயன" என்றும் சொல்லும், அதாவது பெரியவர், சின்னவர். சண்டை ஒரே ஒரு சொல்லால் வந்தது. சின்னாயன தன் மகள் கல்யாணத்துக்கு அண்ணனை அழைத்து வர ஆளை அனுப்ப, அந்த ஆள் அவசரத்தில் "ரண்டி" என்று மரியாதையாகச் சொல்லாமல் "ரா" என்று சொல்லிவிட்டான். வாங்க என்பதற்கும் வாடா என்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். "என் தம்பி சொல்லிக்கொடுக்காமலா அவன் சொன்னான்?" என்று பெத்தாயன கல்யாணத்துக்குப் போகவில்லை. "என் அண்ணன் ஒரு சொல்லுக்காக என் மகளை வாழ்த்த வரவில்லையா?" என்று சின்னாயன அந்த வாசலை மிதிக்கவில்லை. அதன்பிறகு இருவரும் ஒரே கிணற்றில் இறைத்து, ஒரே களத்தில் கதிரடித்து, ஒருவரோடு ஒருவர் பேச வேண்டியதையெல்லாம் மாட்டிடம் பேசினார்கள். "ஏய் எருதே, நாளைக்கு ஏற்றம் எங்க முறைன்னு தெரியாதவங்களுக்குச் சொல்லு" என்று இவர் தன் எருதிடம் சொல்வார். "எங்களுக்குத் தெரியும்னு சொல்லு" என்று அவர் தன் எருதிடம் சொல்வார். மாடுகள் பாவம், சாட்சிபோல நின்றுகொண்டிருக்கும்.

நிலத்துக்கு இருவரும் மறுக்கவில்லை. "அவர் முதலில் கையெழுத்துப் போடட்டும்" என்று அண்ணன் சொன்னார். "அவர் போட்டபிறகு பார்க்கலாம்" என்று தம்பி சொன்னார். என் அப்பா போய்க் கேட்டார், கோயில் பூசாரி போய்க் கேட்டார், ஒன்றும் நடக்கவில்லை. கோடை விடுமுறை நெருங்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் பெரிய வாத்தியார் தன் நம்பிக்கையைக் கையில் எடுத்தார். பேச்சால் ஆகாத காரியம் உலகத்தில் இல்லை என்பது அவர் நம்பிக்கை. ஒரு புலவர் இரண்டு அரசர்களுக்கு நடுவில் போய் நின்று ஒரே ஒரு பாட்டுப் பாடி, உருவிய வாளை உறையில் போடவைத்த கதையை எங்களுக்குச் சொல்லும்போது, அவர் கண் கலங்கும். கடல்கடந்த தேசத்தில் ஒருவர் பிணத்தருகே நின்று பேசியே ஒரு நகரத்தைக் கலகத்தில் இறக்கிவிட்டார் என்பார். "அரசர்களையே சேர்த்த மொழி, இந்த இரண்டு பேரைச் சேர்க்காதா?" என்று சொல்லிக்கொண்டு பஸ் ஏறி, நாவுக்கடலைக் கையோடு கூட்டிவந்துவிட்டார்.

பள்ளிக்கூட வாசலில், சாயங்கால வெயில் இருக்கும்போதே கூட்டம். இரண்டு மாட்டுவண்டிகளைச் சேர்த்துப் பலகை போட்டு மேடை. பேச்சு வார்த்தை இல்லாதவர்களைப் பக்கத்தில் உட்காரவைக்க முடியாது என்பதால் மேடையின் வலது கோடியில் பெத்தாயனவுக்கு ஒரு நாற்காலி, இடது கோடியில் சின்னாயனவுக்கு ஒரு நாற்காலி. ஒன்று அரை அங்குலம் உயரமாகிவிடக் கூடாதே என்று வாத்தியார் இரண்டு நாற்காலியையும் பள்ளிக்கூடத்திலிருந்தே எடுத்துப் போட்டிருந்தார். வரவேற்புரை நான்தான். மனப்பாடம் செய்ததை ஒப்பித்துவிட்டு மேடைக்கு முன்னால் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். இந்த மனிதர் பேசி முடிக்கிற நேரத்துக்குள் என் ஆறாவது உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும்.

நாவுக்கடல் மிளகும் பனங்கற்கண்டும் போட்ட வெந்நீரை ஒரு சொம்பு குடித்தார், துண்டை இழுத்துவிட்டார், கனைத்தார், காக்கைகள் பறந்தன, ஆரம்பித்தார். சும்மா சொல்லக் கூடாது, அது மலையருவிதான். ஊர்க்கிழவர்களுக்குப் பத்தில் ஒன்பது சொல் புரியவில்லை. ஆனாலும் அந்தக் குரல் ஏறுவதையும் இறங்குவதையும் ஒரு மேளக் கச்சேரிபோலத் தலையாட்டிக் கேட்டார்கள். அவருக்கு ஒரு பழக்கம்: முதல் சொல்லுக்கு வலது கையை நீட்டுவார், இரண்டாம் சொல்லுக்கு இடது கையை நீட்டுவார். "கல்வி" வலது, "செல்வம்" இடது. "ஒளி" வலது, "இருள்" இடது. அப்படியே போய், குரலை உச்சிக்கு ஏற்றி, ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நிறுத்தி நிறுத்தி அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

"வீடூ..." என்று வலது கையைப் பெத்தாயனவின் மூக்குக்கு நேரே நீட்டினார். "வாடூ..." என்று இடது கையைச் சின்னாயனவுக்கு நேரே நீட்டினார். "...வதா?"

கல்வியில்லாமல் வீடு வாடிப்போகலாமா என்றுதான் அவர் கேட்டார். கூட்டத்தின் காதில் விழுந்தது "இவன்... அவன்". ஒருவேளை தப்பாகக் கேட்டோமோ என்று அவர்கள் யோசிப்பதற்குள் நாவுக்கடல் அதையே இன்னும் உரக்க இன்னொரு முறை சொல்லி, கூடவே "ஏடு வாடுவதா?" என்றும் கேட்டுவிட்டார். "ஏடு" என்றால் தெலுங்கில் "அழு". இவனாம், அவனாம், அழணுமாம். சின்னப்பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்தார்கள். பெரியவர்கள் மேடையின் இரண்டு கோடியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒரு "ரண்டி"க்காகக் கூடப்பிறந்தவனையே ஒதுக்கிவைத்த மனிதரை, ஊர் நடுவில், மைக் வைத்து, கைநீட்டி "இவன்" என்றால்?

எனக்கு இரண்டும் புரிந்தது. அவர் சொன்னதும் புரிந்தது, இவர்கள் கேட்டதும் புரிந்தது. அன்று எனக்குத் தெரிந்து அங்கே அப்படி இருந்தது நானும் என் வகுப்புப் பிள்ளைகளும்தான். ஓடிப்போய் "வீடுன்னா ஊடு" என்று கத்த எழுந்தேன். அம்மா தொடையில் ஒரு கிள்ளு கிள்ளி, "உக்காரு, அதிகப்பிரசங்கி" என்றாள். உட்கார்ந்துவிட்டேன். போயிற்று, ஆறாவது போயிற்று என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் முட்டியது.

பெத்தாயன எழுந்தார். நாவுக்கடலைப் பார்க்கவில்லை, அவரைத் தாண்டி மேடையின் அந்தக் கோடியைப் பார்த்தார்.

"வின்டிவா, தம்முடூ?"

கேட்டாயா, தம்பி? அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டு எத்தனையோ வருடமாகியிருந்தது. சின்னாயன துண்டை எடுத்துத் தோளில் போட்டார், மறுபடி எடுத்தார், மறுபடி போட்டார். பிறகு, "வின்ட்டி, அன்னா" என்றார். கேட்டேன், அண்ணா.

அவ்வளவுதான். இரண்டு பேரும் நாற்காலியை விட்டு வந்து பேச்சாளருக்குப் பின்னால் ஒன்றாக நின்றார்கள். "மனம் வீடு-வாடா? மனம்?" என்று பெத்தாயன தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். தெலுங்கில் "மனம்" என்றால் "நாம்". நாமெல்லாம் இவன் அவனா என்கிறார். ஆனால் பெரிய வாத்தியாருக்குத் தெரிந்த மனம் ஒன்றுதானே? "மனம் என்கிறார்! மனம் உருகிவிட்டது!" என்று மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாவுக்கடல் திரும்பிப் பார்த்தார். ஜென்மப் பகையாளிகள் என்று தனக்குச் சொல்லப்பட்ட இருவர் கைகோத்து, கண் சிவந்து, உதடு துடிக்க நிற்கிறார்கள். தன் பேச்சு இதுவரை எந்த மேடையிலும் இப்படி வேலை செய்ததில்லை என்று அவருக்குத் தெரியும். உடம்பு புல்லரித்துப் போய், இன்னும் ஒருமுறை "வீடூ..." என்று ஆரம்பித்தார்.

பெத்தாயன மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். "ஈ பூமி தீஸ்கோமனு! நோரு மூஸ்கோமனு!" என்று முழங்கினார்.

அந்த மாலையின் மிகச் சிறந்த அடுக்குமொழி அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன். பூமியில் தொடங்கியதால் வாத்தியாருக்குப் பாதி புரிந்தது, மீதிக்கு அவர் தவித்துப்போய்க் கூட்டத்தில் என்னைத் தேடி, "என்னம்மா சொல்கிறார்?" என்றார். இப்போது அம்மா கிள்ளவில்லை. நான் மேடையருகே போனேன். இந்த நிலத்தை எடுத்துக்கொள்ளச் சொல், வாயை மூடிக்கொள்ளச் சொல் என்பது அதன் அர்த்தம். "நெலத்த எடுத்துக்கச் சொல்றார் சார்" என்றேன். "அப்புறம்?" என்றார். "பேசினது போதுமாம் சார்" என்றேன். வாயாடியாக இருந்து நான் செய்த முதல் சிக்கனம் அது.

நாவுக்கடல் நெகிழ்ந்துபோய், இரண்டு கையையும் கூப்பி, தமிழன்னையின் பெருமையைப் பற்றி ஏதோ தழுதழுத்தார். பெத்தாயன என்னைப் பார்த்து, "ஏமண்ட்டாடு?" என்றார், என்ன சொல்றான் என்று. கைதான் ஏற்கெனவே கூப்பியிருக்கிறதே. எனக்கு வேலை சுலபமாக இருந்தது. "தப்பாயெ அண்ட்டாரு" என்றேன், தப்பாகிவிட்டது என்கிறார் என்று. பெத்தாயன சற்று ஆறினார். வெளியூர்க்காரர் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டபிறகு அதற்குமேல் பேசுவது பெரியமனிதனுக்கு அழகில்லை என்று, வாத்தியார் எழுதிவைத்திருந்த காகிதத்தை வாங்கி அங்கேயே கைநாட்டு வைத்தார். தம்பி அதன் பக்கத்திலேயே வைத்தார். ஜூன் மாதம் நான் ஆறாவது சேர்ந்தேன்.

நாவுக்கடல் அந்த ஒரு மாலையை வைத்துப் பல வருடம் பிழைத்தார். கல்நெஞ்சச் சகோதரர் இருவரைத் தம் ஒற்றை வாக்கியம் கரைத்த கதையைப் போகிற மேடையெல்லாம் சொன்னார். அதைக் கேட்டு சாமல்பட்டிப் பக்கத்தில் ஒரு ஊரார், வாய்க்கால் தகராறில் பிரிந்த பங்காளிகளைச் சேர்த்துவைக்க அவரைக் கூட்டிப்போனார்கள். அதே கனைப்பு, அதே வாக்கியம், அதே கைநீட்டல். அங்கே எல்லாரும் நல்ல தமிழ்க்காரர்கள். ஒரு சொல் விடாமல் எல்லாருக்கும் புரிந்தது. கைதட்டிவிட்டுச் சாப்பிட்டுவிட்டு, பங்காளிகள் ஆளுக்கொரு பக்கமாகப் போய்விட்டார்களாம். அதிலிருந்து எனக்குச் சரித்திரத்தின் மேலேயே ஒரு சந்தேகம். அந்த இரண்டு அரசர்களும் புலவரின் பாட்டைச் சரியாகப் புரிந்துகொண்டுதான் வாளை உறையில் போட்டார்களா என்ன?

ஆறாவது எட்டாவதாகி, அதற்குள் அப்பாவின் தீர்ப்பும் இளகி, எட்டாவது எஸ்.எஸ்.எல்.சி. ஆகி, எனக்கு ஓசூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. "லைன் கிடைக்கவில்லை" என்பதை மூன்று மொழியிலும் சொல்லிச் சம்பளம் வாங்கினேன். வேலை கிடைத்த சேதியைச் சொல்ல ஊருக்குப் போனபோது பெத்தாயன இறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. சின்னாயன தனியாகக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் நினைவாக எதையாவது பேச வேண்டுமே என்று, அந்தக் கூட்டத்தில் நாவுக்கடல் உண்மையில் என்ன சொன்னார் என்பதை, இப்போதாவது சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன். அவர் என்னை முடிக்க விடவில்லை. அன்றுதான் அவர் என்னிடம் முதல்முதலாகத் தமிழில் பேசினார்.

"வீடுன்னா ஊடுன்னு எனக்குத் தெரியாதா தாயி? கிருஷ்ணகிரி மண்டியில எத்தினி வருசம் மாங்கா வித்தவன் நானு. அந்தாளு சொன்னது அத்தினியும் புரிஞ்சிது. அண்ணன் என்னெ தம்முடுன்னு கூப்ட்டாரு. அப்ப போயி அதுக்கு அர்த்தம் இதுன்னு சொல்லிக்கிட்டு இருப்பாங்களா?" என்றார். பிறகு, "நீ சொன்ன பொய்யும் புரிஞ்சிது. நல்லாத்தான் சொன்னே" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

போன வருடம் அந்தப் பள்ளிக்கூடத்தில் புதுக் கட்டடம் திறந்தபோது, பழைய மாணவி என்று என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். சுற்றிலும் ராகிக் கொல்லைகள் இல்லை, கம்பெனி ஷெட்டுகள்தான். ஷிப்டு பஸ்கள் வந்து திரும்புகிற இடத்தில்தான் முன்பு ஏற்றமும் கிணறும் இருந்தன. பிள்ளைகளில் பாதிப்பேர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள். நான் மைக்கில் "வீடு" என்று சொல்லிப் பார்த்தேன். ஒரு குழந்தையும் சிரிக்கவில்லை. எங்கள் தெலுங்கு அந்த ஊரை விட்டுப் போயிருந்தது.

நிலம் கொடுத்த குடும்பம் என்பதால் பெத்தாயனவின் பேரனைப் பெங்களூரிலிருந்தும் சின்னாயனவின் பேரனை ஓசூரிலிருந்தும் வரவழைத்து மேடையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். இரண்டு பேரும் நல்ல பிள்ளைகள். "ஹாய் ப்ரோ" என்றான் ஒருவன். "ஹாய் ப்ரோ" என்றான் மற்றவன். பிறகு ஆளுக்கொரு போனைப் பார்க்க ஆரம்பித்தார்கள். உங்களில் யார் அண்ணன், யார் தம்பி என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தெரியவில்லை. அடிக்கடி பார்த்துக்கொள்வீர்களா என்றதற்கு, கடைசியாக எப்போது பேசினோம் என்றே நினைவில்லை என்றார்கள். மனம் கேட்காமல், "உங்களுக்குள்ள ஏதாவது சண்டையாப்பா?" என்றேன்.

"சேச்சே, சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல மேம்" என்று இருவரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

சண்டையே இல்லாதவர்களை எப்படிச் சேர்த்துவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நாவுக்கடலுக்கும் தெரிந்திருக்காது.